எலிக்குத் தலைவலி என்றால் வாருங்கள்

அமெரிக்காவில் டாக்டராக வேண்டுமென்றால், பிளஸ் டூ முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிட முடியாது. முதலில் நாலு வருடம் வேறு எதையாவது படித்துப் பட்டம் வாங்க வேண்டும். பிறகு எம்கேட் என்றொரு நுழைவுத் தேர்வு. அதற்கும் பிறகுதான் மருத்துவம். அது இன்னொரு நாலு வருடம். இதை மதுரையிலிருக்கும் பெரியப்பாவுக்கு விளக்க நான் பட்ட பாடு, படிப்பில் பட்ட பாட்டைவிட அதிகம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீட் கெடைக்கலன்னு நேராச் சொல்லிரு தம்பி, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

அந்த 'வேறு எதையாவது' எனக்கு நியூரோசயின்ஸ். நரம்பு, மூளை பற்றிய படிப்பு என்று சொன்னதும் ஒரு மாமா, "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு லாட்ஜுல மாசாமாசம் ஒரு வைத்தியர் வந்து உக்கார்றாரே, அந்த லைனா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இளங்கலையில் இதை ஒரு தனிப் பட்டமாக முதலில் கொண்டுவந்தது ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி, 1973-ல். என் அப்பாவைவிட மூன்று வயது இளைய படிப்பு.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ப்ரீ-மெட். அரை மார்க்குக்காகப் பேராசிரியரின் அறை வாசலில் தவம் கிடப்பவர்கள். டாக்டராகும் உத்தேசம் இல்லாமல், மூளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் வந்திருக்கிறேன் என்றதும் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள். முதல் வருடம் முழுக்க மூளை கண்ணிலேயே படவில்லை. வேதியியல், இயற்பியல், கால்குலஸ்.

இரண்டாம் வருடம் ஒரேயொரு நரம்பணு கிடைத்தது. அது சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்குமாம். அந்த 'சும்மா'வைக் காப்பாற்றவே அது ஓயாமல் பம்ப் அடித்துக்கொண்டிருக்கிறது: ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை விழுங்குவதற்கு இந்தப் பம்ப்தான் முக்கியக் காரணம். விடுமுறையில் சோபாவில் கிடந்த என்னைப் பார்த்து, "சும்மாவேதான கெடக்க" என்று அம்மா சொன்னபோது இதை எடுத்துரைத்தேன். "அப்ப அந்தப் பம்பு ஓடும்போதே இந்தத் துணியவும் மடிச்சு வச்சிரு" என்றார்.

அந்த நரம்பணுவில் மின்துடிப்பு எப்படிப் பாய்கிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையை வைத்துக் கண்டுபிடித்து 1952-ல் வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கணினியை அப்போது மாற்றியமைத்துக்கொண்டிருந்ததால், கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கணக்கு இயந்திரத்தில் ஹக்ஸ்லி வாரக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டாராம். 1963-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அதே சமன்பாடுகளை எங்களிடம் ஐம்பது நிமிடத் தேர்வில் கேட்டார்கள். பரிசு பற்றிப் பேச்சே இல்லை.

மூன்றாம் வருடம் நிஜ மூளை வந்தது. செம்மறியாட்டு மூளை, ஃபார்மலின் நெடியோடு, ஆளுக்கொரு தட்டில். மேலே ஒட்டியிருக்கும் சவ்வைக் கிழியாமல் எடுக்க வேண்டும். எனக்கு இது புதிதல்ல. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையிலிருந்து மூளை வந்தால், மஞ்சள் போட்ட வெந்நீரில் அதைக் கொஞ்ச நேரம் வைத்து, ரத்தக்குழாய் ஓடும் மெல்லிய தோலை விரல் நுனியால் உரித்தெடுப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. கொஞ்சம் அழுத்தினாலும் கையோடு குழைந்து வந்துவிடும். அதோடு ஒப்பிட்டால் ஆய்வகத்து மூளை அழிரப்பர் மாதிரி கெட்டி. பக்கத்தில் இருந்தவர்கள் இடுக்கியோடு போராடிக்கொண்டிருந்தபோது நான் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டு, "பிரமாதம்! எங்கே பழகினாய்?" என்றார். "வீட்டில்" என்றேன். பக்கத்து ஸ்டூல் பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். மிளகு, சின்ன வெங்காயம் என்று நான் மேற்கொண்டு விளக்கியதில் நிலைமை இன்னும் மோசமானது.

ஊரில் எதிர்பார்ப்பு வேறு மாதிரி. மறதிக்கு வல்லாரை நல்லதா? மனுஷன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறானாமே? இரண்டாவது கேள்விக்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும்: சுத்தப் பொய். இத்தனை சக்தியை விழுங்கும் உறுப்பில் தொண்ணூறு சதவீதம் வெட்டியாகக் கிடந்தால், பரிணாமம் எப்போதோ அதைக் கழற்றி எடைக்குப் போட்டிருக்கும்.

என் படிப்புக்கு மரியாதை தேடித்தர வி.எஸ். ராமச்சந்திரனை இழுத்தேன். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிக்கும். ஒரு பெட்டிக்குள் சாதாரணக் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கைபோலக் காட்டி, பலருக்கு அந்த வலியைக் குறைத்தவர். நம் ஊர்க்காரர், சென்னை ஸ்டான்லியில் படித்தவர் என்றேன் பெருமையாக. "ஸ்டான்லியா? அப்ப அவரு மொதல்ல எம்பிபிஎஸ்தான முடிச்சாரு" என்றார் பெரியப்பா. கேஸ் முடிந்தது.

இப்போது ஓர் ஆய்வகத்தில் எலிகளோடு வேலை. பெரியப்பா ஊரெல்லாம் 'மூளை டாக்டர்' என்று சொல்லி வைத்திருப்பதால், கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் என்னிடம் ஒரு வரிசை நிற்கிறது. பெரும்பாலும் தலைவலி. அவர்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன்: மூளைத் திசுவுக்கு வலியை உணரும் ஏற்பிகளே கிடையாது, வலிப்பது அதைச் சுற்றியுள்ள உறை, ரத்தக்குழாய், கழுத்துத் தசை போன்றவை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாத்திரைக்கு ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள். எலிக்குத் தலைவலி என்றால் மட்டும் என்னிடம் கூட்டி வாருங்கள்.