நந்தனத்துக்கென்று ஒரு மழை

வானிலை அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்று வந்தால் அது பொத்தாம்பொதுவான பேச்சு என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குக் கணக்கு உண்டு. வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை நனைந்தால் ஓரிரு இடம். 50 வரை போனால் சில இடம். 75-ஐத் தாண்டினால் பெரும்பாலான இடம். 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துவரும் ஊர் சென்னை; அந்தக் கணக்கில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அம்மாவுக்குத்தான் போதவில்லை. "அந்த ஓரிரு இடத்துல நந்தனம் இருக்கா, இல்லையாடா?" என்று கேட்கிறாள். மொட்டை மாடிக் கொடியில் துணி போடுவதா வேண்டாமா என்பது அவள் கவலை. எனக்கு வேறு கவலை. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டி, சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்த பிறகு, இந்தப் பக்கத்தில் யாரும் மேகத்தை ரசிப்பதற்காக அண்ணாந்து பார்ப்பதில்லை.

நந்தனத்துக்கு மட்டும் வானிலையைக் கணிக்க முடியுமா என்று தேடினால், டபிள்யூ.ஆர்.எஃப். என்றொரு மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் போல்டர் என்ற ஊரிலுள்ள என்.சி.ஏ.ஆர். ஆய்வு மையமும் அதன் கூட்டாளிகளும் உருவாக்கியது. உலகெங்கும் வானிலை ஆராய்ச்சிக்காரர்கள் பலர் இதை ஓட்டுகிறார்கள். பைசா செலவில்லை. மூலநிரலைக் கையில் கொடுத்து, நீயே கம்பைல் செய்துகொள் என்று அனுப்பிவிடுவார்கள். என் லேப்டாப்பில் உபுண்டு இருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

டபிள்யூ.ஆர்.எஃப். தனியாக வராது. காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் எழுதிவைக்க அதற்கு நெட்சிடிஎஃப் வேண்டும். நெட்சிடிஎஃப்புக்கு எச்டிஎஃப்5 வேண்டும். எச்டிஎஃப்5-க்கு இசட்லிப். பிராசஸரின் கோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எம்பிஐ. கல்யாணச் சமையலை ஒப்புக்கொண்டவர் முதலில் ஒரு லிஸ்ட் தருவார். அதை வாங்கிப் போட்டால், அதை அரைப்பதற்கும் பொடிப்பதற்கும் வேண்டியவை என்று இரண்டாவது லிஸ்ட் தருவார். கடைசியில், "எல்லாம் ஒரே கடைச் சரக்கா இருக்கணும், இல்லேன்னா ருசிக்கு நான் பொறுப்பில்லை" என்பார். இங்கேயும் அதே நிபந்தனைதான்: எல்லா லைப்ரரியையும் ஒரே கம்பைலரில் கட்டியாக வேண்டும்.

இவை போதாதென்று லிப்பிஎன்ஜி, ஜாஸ்பர் என்று இரண்டு. இரண்டும் படங்களைச் சுருக்கி விரிக்கிற சமாசாரம். மழைக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்? டபிள்யூ.ஆர்.எஃப்.புக்குத் தீனியான உலக வானிலைத் தரவு கிரிப்2 என்ற பொட்டலமாக வருகிறது. அதற்குள் இருக்கும் எண்களை ஜேபெக் 2000 முறையில், ஒரு படத்தைச் சுருக்குகிற மாதிரியே சுருக்கி அனுப்புவதும் உண்டு. ஆகவே வங்கக்கடல் காற்றழுத்தத்தைத் தெரிந்துகொள்ளப் படம் பிரிக்கும் லைப்ரரி வேண்டும். யோசித்தால் புத்திசாலித்தனம்தான். இரவு பதினோரு மணிக்கு 'ஜாஸ்பர் கிடைக்கவில்லை' என்று திரையில் வரும்போது அப்படி யோசிக்கத் தோன்றாது.

இதெல்லாம் உபுண்டுவில் ஒரே கட்டளையில் இறங்கிவிடுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இறங்கும். ஆனால் உபுண்டு ஹெடர் கோப்புகளை ஓரிடத்திலும் லைப்ரரிகளை வேறிடத்திலும் வைக்கும். நெட்சிடிஎஃப்பிலோ சி மொழிக்குத் தனி, ஃபோர்ட்ரான் மொழிக்குத் தனி. எல்லாம் ஒரே டைரக்டரிக்குள் இருக்கும் என்றே டபிள்யூ.ஆர்.எஃப். வழக்கமாக எதிர்பார்க்கும். அதனால்தான் ஒவ்வொன்றையும் மூலத்திலிருந்து கட்டுகிற இந்தத் தொல்லை.

இசட்லிப் சமர்த்தாக வந்தது. எச்டிஎஃப்5 மெதுவாக வந்தது. நெட்சிடிஎஃப்பின் ஃபோர்ட்ரான் பகுதியில் நின்றது. 'டைப் மிஸ்மேட்ச்' என்று சிவப்பு எழுத்து.

மாடி வீட்டு சாரைக் கூப்பிட்டேன். ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு 1973-இல் ஐ.பி.எம். 370 வந்த புதிதில், துளைபோட்ட அட்டைகளை டப்பாவில் சுமந்துபோய் ஃபோர்ட்ரான் ஓட்டியவர். ஓர் அட்டைக்கு 80 நெடுவரிசை. நிரல் ஏழில் தொடங்கி 72-இல் முடிய வேண்டும். மிச்சமுள்ள எட்டு எதற்கு என்று கேட்டால், "அட்டைக்கட்டு கீழே விழுந்தா வரிசையா அடுக்க நம்பர் போடறதுக்கு, தம்பி" என்பார். யாருடைய கட்டு விழுந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். விஷயம் இதுதான். பழைய ஃபோர்ட்ரானில் ஒரே சப்ரூட்டினுக்கு இந்த வரியில் முழு எண்ணையும் அந்த வரியில் தசம எண்ணையும் அனுப்பலாம். கம்பைலர் கண்டும் காணாமல் போகும். மிஞ்சினால் ஓர் எச்சரிக்கை. எம்பிஐ அழைப்புகள் பலவும் அந்தத் தாராளத்தை நம்பி எழுதப்பட்டவை. 2020-இல் வந்த ஜிசிசி 10 என்ற கம்பைலர், அதைப் பிழை என்று அறிவித்துவிட்டது. முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய லைப்ரரிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் குற்றவாளிகள்.

"நாங்க தெரிஞ்சேதான் அனுப்பினோம். அதைக் கேள்வி கேட்க இது யாரு?" என்று சார் என் லேப்டாப்பை முறைத்தார். அவர் எழுதிய நிரல் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் கோபம் உண்மையானது.

பழைய நடத்தையைப் பொறுத்துக்கொள் என்று கம்பைலருக்குச் சொல்ல ஒரு ஃபிளாக் இருக்கிறது: அலவ்-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச். சண்டையை அனுமதி என்பதுபோல ஒரு பெயர். அதைச் சேர்த்ததும் லைப்ரரிகள் வந்துவிட்டன. இனி டபிள்யூ.ஆர்.எஃப். எந்தக் கம்பைலர் என்று எண் போட்டுக் கேட்கும் நீண்ட பட்டியலில், ஜிசிசி அடங்கிய ஜிஎன்யூவுக்கு 34. போட்டேன்.

இந்தக் கட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வழக்கமான மென்பொருள் பிழை கண்ட இடத்தில் நின்றுவிடும். டபிள்யூ.ஆர்.எஃப். நிற்காது, பிழையைப் பொருட்படுத்தாதே என்று தன் கம்பைல் கட்டளையிலேயே எழுதிவைத்திருக்கிறது. இரண்டாவது நிமிடத்தில் தடுக்கி விழுந்தாலும், விழுந்ததைச் சொல்லாமல், அரை மணிக்கு மேல் மின்விசிறி அலற மிச்சக் கோப்புகளையெல்லாம் கட்டி முடித்துவிட்டு, 'சிக்கல் இருக்கிறது, பதிவேட்டில் தேடு' என்று ஒரே வரியில் முடிக்கும். பதிவேட்டில் ஆயிரக்கணக்கான வரிகள். கடைசிப் பிழையைப் பார்த்துப் பயனில்லை. அது முதல் பிழையின் பேரப்பிள்ளை. முதல் பிழையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தோம். 'ரியல்.எக்ஸ்இ', 'டபிள்யூஆர்எஃப்.எக்ஸ்இ' என்று கோப்புகள் பிறந்தன. லினக்ஸில் எக்ஸ்இ எதற்கு என்று கேட்கிற நிலையில் நாங்கள் இல்லை.

ஓட்டினால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. காரணம் சொல்லாது. உபுண்டு வழக்கமாகத் தரும் 8 எம்.பி. ஸ்டாக் நினைவகம் போதவில்லை என்பதுதான் சங்கதி. வரம்பை எடுத்துவிட்டால் ஓடும். ஓடியது. முடிந்ததா என்று பார்க்க 'ஆர்எஸ்எல்.எர்ரர்' என்ற கோப்பைத் திறக்க வேண்டும். வெற்றி என்ற அறிவிப்பு எர்ரர் கோப்பின் கடைசி வரியில் வரும். நம்புங்கள்.

அறிவிப்பு வருவதற்குள் அந்த வானிலையே வந்து போய்விட்டது. நாளைய மழையை என் லேப்டாப் நாளை மறுநாள் சொல்லிற்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்களால் வானிலையைக் கணிக்க முதலில் துணிந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டார். ஆறு வாரம் பிடித்தது என்பார்கள். காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. அன்றைக்கு உண்மையில் அது அநேகமாக அசையவே இல்லை. கையெழுத்துப் பிரதியும் போரின் நடுவே தொலைந்து, பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922-இல் அத்தனையையும், தப்பான விடை உட்பட, புத்தகமாகப் போட்டார். என்ன மனுஷன்!

வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். கட்டத்துக்கு 3 கி.மீ. என்று வைத்திருந்தேன், அதற்குமேல் நுணுக்கம் கேட்டால் லேப்டாப் தீபாவளி வரை ஓடும். அந்தக் கட்டத்துக்குள் நந்தனம், சைதாப்பேட்டை, தி.நகரில் ஒரு துண்டு எல்லாம் ஒன்றாகிவிட்டன. மென்பொருளின் கண்ணில் மூன்றுக்கும் ஒரே மழை.

"அப்ப தி.நகர் பனகல் பார்க்ல பெய்யறதையும் நம்ம கணக்குல சேர்த்துட்டியா?" என்றாள்.

சாருக்கு அந்த ஏமாற்றமெல்லாம் இல்லை. மூலநிரலின் பழைய கோப்பு ஒன்றில் அட்டைக் காலத்து வழக்கப்படி முதல் நெடுவரிசையில் 'சி' போட்டுக் குறிப்பு எழுதியிருந்ததைக் கண்டுவிட்டார். அன்று முழுக்க யார் வந்தாலும் காட்டினார். இப்போது மகளுடைய பழைய லேப்டாப்பில் அவரே உபுண்டு போட்டிருக்கிறார். நியூஜெர்சியில் பேத்தியின் பள்ளிக்குப் பனிக்காக லீவு விடுவார்களா என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். நேற்று இரவு பால்கனியிலிருந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"தம்பி, ஜாஸ்பரை எந்த டைரக்டரியில வெச்சே?"