ராலி சாஸ்திர விசாரம்: ஈரத்துணி அதிகாரம் உட்பட

ஆராயப்படாத பொருள் ஒன்று உலகத்தில் எஞ்சியிருப்பதே புலமைக்கு இழுக்கு என்று கருதும் பெரியோர்கள் நம்மிடையே பெருகிவிட்ட இக்காலத்தில், பிரீமியர் பத்மினி என்னும் பழங்காரை அதிகப் பொருட்செலவின்றிப் பொழுதுபோக்கு ராலிக்குச் சித்தம் செய்வது எவ்வாறு என்னும் விஷயத்துக்கு முறையான பாஷ்யம் ஒன்று இன்றுவரை தோன்றாதிருப்பது ஆச்சரியமே. மெக்கானிக்குகள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்; ஆயினும் செய்தல் வேறு, ஆராய்தல் வேறு. செய்து முடித்தவனுக்குச் சந்தேகம் எழுவதில்லை. சந்தேகம் எழாத இடத்தில் புலவனுக்கு என்ன ஜோலி?

முதற்கண் கால ஆராய்ச்சி. 1953-ல் இத்தாலியில் வெளிவந்த ஃபியட் 1100 என்னும் காரின் வழித்தோன்றல் இது. பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியார் 1960களில் இதை டிலைட் என்று விற்று, பின்னர் பிரசிடென்ட் என்று மாற்றி, 1970களில் பத்மினி என்று நிலைநிறுத்தினார்கள். பெயர் மூன்று, உள்ளிருக்கும் இன்ஜின் அதே 1089 சி.சி. ஒரே பெயரில் பல புலவர்கள் வாழ்ந்தார்கள் என்று நிறுவிப் பழகிய நம் ஆராய்ச்சியாளர்கள், பல பெயரில் ஒரே கார் ஓடியது என்பதை ஒப்புவார்களோ என்னவோ, அறியோம்.

வேறு கார் ஆகாதோ எனின், அம்பாஸடர் குறித்து: கனம். சென்னையிலேயே செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் குறித்து: அதற்கு உதிரி பாகம் கிடைத்தவர் பாக்கியசாலி, அவரைக் கண்டவர் இலர். பத்மினியின் சாமான்களோ, டாக்ஸிகளாக அது லட்சணமாய் ஓடித் தேய்ந்த புண்ணியத்தால், பழைய சாமான் கடைகளில் இன்றும் அகப்படுகின்றன. ஆதலின் பத்மினியே சித்தாந்தம்.

நிற்க. இவ்வகை ராலியில் வேகமாக ஓட்டுகிறவன் வெல்வதில்லை. விதித்த சராசரி வேகத்தில், விதித்த வினாடியில் சாவடியைக் கடக்கிறவனே வெல்கிறான். மணிக்கு 36 கிலோமீட்டர் என்று விதித்தால் கிலோமீட்டருக்கு 100 வினாடி; 99-ல் வந்தாலும் அபராதம், 101-ல் வந்தாலும் அபராதம்; பிந்தி வந்தவனைவிட முந்தி வந்தவனுக்கு அதிகமாக விதிப்பதும் உண்டு. ஒரு கவியின் காலத்தை ஐந்நூறு ஆண்டுகள் முன்னே தள்ளியவர்களும், அதே கவியை ஐந்நூறு ஆண்டுகள் பின்னே இழுத்தவர்களும் இதுவரை ஒரு பாயின்ட் இழந்ததாகக் கேள்வியில்லை. பேராசிரியர் பதவி உயர்வு பெற்றதாகத்தான் கேள்வி. ராலிச் சட்டம் அத்தனை தாராளமானதன்று.

ஆகவே காரைச் சித்தம் செய்வோன் முதலில் திருத்த வேண்டியது இன்ஜினை அன்று, ஓடோமீட்டரை. தேய்ந்த டயருக்குச் சுற்றளவு குறைவு. ஒரே தூரத்துக்கு அது அதிகச் சுற்றுச் சுற்றுமாதலால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். ராலிப் புத்தகத்தில் 10 என்று குறித்த தூரத்துக்கு நம் மீட்டர் 10.4 காட்டினால், புத்தகத்தின் ஒவ்வோர் எண்ணையும் 1.04-ஆல் பெருக்கி, பக்கத்திலிருந்து வழி சொல்லும் நேவிகேட்டரின் அட்டையில் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு டயரை மாற்றலாகாது, காற்றையும் கூட்டிக் குறைக்கலாகாது. புத்தகத்துக்கும் மீட்டருக்கும் உள்ள இவ்வேறுபாடு பாடபேதம் எனப்படும். நம் பிரதியே மூலம் என்று சாதிப்பவன் ராலியில் யாருமற்ற காட்டில் போய்ச் சேர்வான். பதிப்புத் துறையில் அவனுக்கு முன்னுரை எழுதும் உரிமை கிட்டும்.

பிரேக்: பிடிக்க வேண்டும். கிங்பின்: கிரீஸ் வேண்டும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் கீறல் உண்டா என்று கழுவிப் பார்க்க வேண்டும். சேற்றோடு பார்த்தவர் கீறலைக் கண்டதில்லை. அடியில் எண்ணெய்த் தொட்டியைக் கல்லிலிருந்து காக்க ஓர் இரும்புத் தகடு. ஹாரன்: ஒலிக்கும்.

இனி இச்சாஸ்திரத்தின் உயிர்நிலையாகிய ஈரத்துணி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சித்திரை மாதத்து நடுப்பகலில் இரண்டாம் கியரிலேயே ஏறும்போது, இன்ஜினோடு ஒட்டித் திருகப்பட்ட பெட்ரோல் பம்ப் கொதிப்பேற, அதனுள் இருக்கும் பெட்ரோல் கார்புரேட்டரை அடையுமுன்பே ஆவியாகிவிடுகிறது. திரவத்தைத் தள்ளுவதற்கென்று அமைந்த டயாஃப்ரம் ஆவியை அமுக்குமேயன்றித் தள்ளாது. கார் இரண்டு முறை குலுங்கும், பிறகு நின்றுவிடும். அப்பொழுது பானெட்டைத் தூக்கிப் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினால், நீர் உலரும்போது சூட்டைக் கவர்ந்து செல்ல, பம்ப் குளிர்ந்து கார் கிளம்பும். இதுவரை சர்வ சம்மதம். பேதம் துணியில் தொடங்குகிறது.

நைந்த வேட்டிக் கிழிசலே உத்தமம், அதுவே சீக்கிரம் உலரும் என்பது வேட்டி மதம். தடித்த துவாலையே நீரைத் தாங்கும் என்பது துவாலை மதம். வேட்டியார் காட்டும் பிரமாணம், மலையடிவாரப் பட்டறை ஒன்றின் சுவரில், காலாவதியான காலண்டருக்குப் பின்னால், கிரீஸ் விரலால் தீட்டப்பட்ட "வேட்டி 2" என்னும் சாசனம். அது சலவைக் கணக்கு என்பாரும் உளர். துவாலையார் காட்டுவது ஒரு பில்லின் பின்புறம்: மேல்வரி எண்ணெயில் மறைந்தது, கீழ்வரியை எலி கொண்டது, நடுவரியில் "து" என்னும் ஓரெழுத்து மாத்திரம் தெளிவு. அது துவாலையே என்று அவர்கள் அறுதியிடுகின்றனர்; துட்டு என்றும் கொள்ளலாமென்பதை அடிக்குறிப்பில் புதைத்துவிட்டனர். அந்தப் பில்லின் நகலுக்கு எடுத்த நகலை மாத்திரம் கண்ட ஒருவர் எழுதிய கண்டனமும், அக்கண்டனத்தைப் படியாமலே எழுதப்பட்ட மதிப்புரையும், மதிப்புரையில் அச்சுப் பிழையால் "து" என்பது "நு" ஆகிவிட்டதைப் பற்றுக்கோடாகக் கொண்டு நுகத்தடிக் காலத்துக்கே பத்மினியைக் கொண்டுபோன பெருநூலும், அப்பெருநூலுக்கு அதன் ஆசிரியரே வேறு பெயரில் வழங்கிய பாராட்டுரையும் ஆக இத்துறை இப்போது ஓர் அலமாரி நிறைந்திருக்கிறது. துணியை நனைத்துப் பார்த்தவர் இவர்களுள் ஒருவரும் இலர்.

பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே தடித்த பேக்கலைட் பேக்கிங் வைத்து, பெட்ரோல் குழாயைப் புகைக்குழாயின் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டினால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்; அதிலும் தீராவிடில் பின்னால் டாங்கின் அருகே மின்சாரப் பம்ப் ஒன்றைப் பொருத்தினால், அது உறிஞ்சாமல் அழுத்தித் தள்ளுவதால் பெட்ரோல் வழியில் எளிதாகக் கொதிக்காது. ஈரத்துணிக்கு அப்புறம் வேலையே இல்லை. ஆனால் தேவை ஒழிந்துவிட்டது என்பதற்காக ஓர் ஆராய்ச்சித் துறையை இழுத்து மூடிய வழக்கம் எந்தத் தேசத்தில் உண்டு?

ஆகையால் பேக்கிங்கும் வைத்து, துணியும் வைத்துக்கொள்வதே மரபு. சுற்றும்போது இக்னிஷன் வயர்களில் நீர் சொட்டலாகாது. சொட்டினால் ஆவியால் நின்ற கார் நீராலும் நிற்கும். நீரை எங்கிருந்து பெறுவது என்பதில் மாத்திரம் வேட்டியாரும் துவாலையாரும் அதிசயமாக ஒன்றுபடுகின்றனர்: நேவிகேட்டர் குடிப்பதற்கு வைத்திருக்கும் பாட்டிலிலிருந்து. இதனை மறுத்து நேவிகேட்டர் எவரும் எழுதிய நூல் இதுகாறும் அகப்படவில்லை.