தலைவரம்மாவின் கணவருக்குச் சில யோசனைகள்

வாழ்த்துகள். உங்கள் வீட்டம்மா ஊராட்சி மன்றத் தலைவராக ஜெயித்துவிட்டார். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதால், உங்கள் ஊர் மகளிருக்குப் போய்விட்டது. அதனால் என்ன? போஸ்டரில் அவர் படத்தைவிட உங்கள் படம் பெரிதாக இருந்தபோதே ஊர் புரிந்துகொண்டது.

முதல் வேலையாகக் கார் கண்ணாடியில் 'தலைவர்' என்று ஒட்டுங்கள். யார் என்று விளக்க வேண்டாம். ஆபீசில் சுழல் நாற்காலி உங்களுக்கு, பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கு. கிராம சபையன்று மட்டும் இடம் மாறிக்கொள்ளுங்கள், போட்டோ எடுப்பார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள் பொறுத்துக்கொள்ள முடியாதா?

இனிதான் சூட்சுமம். தெருவிளக்கு எரியவில்லை என்று சனம் உங்களைத்தான் தேடி வரும். பி.டி.ஓ. ஆபீசில் உங்களுக்குத்தான் டீ வரும். இதை அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள், இது செல்வாக்கு. நீங்கள் குரலை உயர்த்தியதும் ஊராட்சிச் செயலர் பதறி எழுந்தால், அது பயம். கோயில் கமிட்டியில் முன்வரிசை கொடுத்தால் மரியாதை, அதிலும் பாதி உங்கள் அப்பாவுக்கு உரியது. அதிகாரத்தை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. தலைவரின் கணவர் என்றொரு பதவியை அதில் ஏனோ சேர்க்கவில்லை.

ஆகவே காசோலையில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். வழி இருக்கிறது: அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரம் பார்த்து நீட்டுங்கள். "எதுக்குங்க இது?" என்றால், "போடு, அப்புறம் சொல்றேன்." பெரும்பாலும் இது போதும். என்றைக்காவது அவர் அடுப்பை அணைத்துவிட்டு, முழுசாகப் படித்துப் பார்த்து, பேனாவை மூடி வைத்துவிட்டால் மட்டும் சிக்கல். கார் கண்ணாடி, சுழல் நாற்காலி, பி.டி.ஓ. ஆபீஸ் டீ எல்லாம் சேர்ந்து வந்தாலும் ஒரு ரூபாய் நகராது.

தணிக்கையில் ஏதாவது மாட்டினால் நீங்கள் பதற வேண்டாம். சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு அனுப்பும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வராது. பறிபோகிற பதவியும் அவருடையதுதான்.