ஓரத்தில் ‘சிஜி’ என்று போட்டிருக்கிறது, பயப்படாதீர்கள்!

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மிருகங்களைப் பற்றியவை. அதிலும் முக்கால்வாசி, கம்ப்யூட்டரில் பிறந்து கம்ப்யூட்டரிலேயே வளர்ந்தவை.

‘இண்டியானா ஜோன்ஸ்’ நாலாம் பாகம் டிவியில் பார்த்தேன். ஆரம்பத்திலேயே வளைக்குள்ளிருந்து அணில் மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கிறது. கதையில் அதற்கு என்ன வேலை?
– வாசகர், சின்னமனூர்

எட்டிப் பார்ப்பதுதான் வேலை. 2008 மே மாதம் படம் வந்த நாளிலிருந்து ஊர் உலகத்து ரசிகர்கள் எல்லாரும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது ‘பிரெய்ரி டாக்’. பெயரில் நாய் இருந்தாலும் அணில் குடும்பம்தான். கதாநாயகர் ஃபிரிட்ஜுக்குள் புகுந்துகொண்டு அணுகுண்டிலிருந்து தப்பிக்கிறார் அல்லவா, அங்கேயும் அது ஆஜர். அந்த ஃபிரிட்ஜையே விழுங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த ரசிகனைப் பார்த்து, “எப்படி நம்ம சீனு?” என்று கேட்பதுபோல ஒரு முழி முழித்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்த முழியைப் பார்த்துத்தான்.

நம் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அதையும் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அந்த அணில்கள் யாரையும் பார்த்துக் கண்ணடித்ததாகத் தகவல் இல்லை.

அதே படத்தில் ஒரு பையன் குரங்குக் கூட்டத்தோடு கொடி பிடித்துத் தொங்கிக்கொண்டே ஜீப்பைத் துரத்துகிறானே?
– வாசகர், போடி

அந்தப் பையனாக நடித்த ஷியா லபூஃபே 2010-இல், அந்தக் காட்சியில் கோட்டை விட்டுவிட்டோம் என்கிற தோரணையில் பத்திரிகையாளர்களிடம் பேசிவிட்டார். குரங்குகள் தரப்பில் இதுவரை விளக்கம் இல்லை.

முதல் பாகத்திலும் குரங்கு சேட்டை செய்யும். அதை மட்டும் எல்லாரும் ரசித்தோமே, அது எப்படி?
– திராட்சைத் தோட்டத்துக்காரர், கூடலூர்

அண்ணே, இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 1981-இல் வந்த முதல் படத்துக் குரங்கு அசல் குரங்கு. ஒற்றைக் கண்ணன் தோள்மேல் உட்கார்ந்துகொண்டு ஹிட்லர் ஆட்கள் மாதிரி கையைத் தூக்கி சல்யூட் அடிக்கும். அதை எப்படி எடுத்தார்கள் என்கிறீர்கள்? கேமராவுக்குப் படாத உயரத்தில் ஒரு திராட்சைப் பழத்தைத் தொங்கவிட்டார்கள். குரங்கு பழத்துக்குக் கை நீட்டியது. நமக்கு அது சல்யூட்டாகத் தெரிந்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதைத் தொங்கவிட்டிருந்தால் முதல் டேக்கிலேயே ஓகே ஆகியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் குரங்கு வேவு பார்க்கிறது, கதாநாயகியைக் காட்டிக் கொடுக்கிறது, விஷம் வைத்த பேரீச்சம்பழத்தைத் தின்று செத்து நாயகன் உயிரைக் காப்பாற்றிவிட்டும் போகிறது. கதையில் அதற்கு உத்தியோகம் இருந்தது. நாலாம் பாகத்து அணில் வெறும் வேடிக்கை பார்க்க வந்த ஆள்.

நிஜ மிருகத்தை வைத்து எடுத்தால் தொல்லையே இல்லை, அப்படித்தானே?
– வாசகி, பெரியகுளம்

தொல்லையா? இரண்டாம் பாகத்தை (1984) இந்தியாவில் எடுக்க அனுமதி சரிப்பட்டு வராமல் இலங்கையில், கண்டிப் பக்கம் எடுத்தார்கள். கதாநாயகிக்கென்று பார்த்துப் பார்த்துத் தைத்த பழைய பாசி வேலைப்பாட்டு உடையை மரத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். யானை வந்து தின்னத் தொடங்கிவிட்டது. உடை வடிவமைப்பாளர் ஆண்டனி பவல் இன்சூரன்ஸ் படிவத்தில் சேதத்துக்கான காரணத்தை எழுத வேண்டியிருந்தது: யானை தின்றது. கம்ப்யூட்டர் யானை இந்தமாதிரி செலவெல்லாம் வைக்காது. வேறு செலவு வைக்கும்.

தமிழில் கிராபிக்ஸ் காமெடி மிருகம் என்றால் உங்கள் ஓட்டு யாருக்கு?
– கல்லூரி மாணவர், தேனி

கொசுவுக்கு. 2010-இல் வந்த ‘எந்திரன்’ ரங்குஸ்கிக்கு. ஐஸ்வர்யா ராயைக் கடித்த கொசுவைத் தேடிப்போய், கொசு பாஷையிலேயே பேசி, கூட்டிவந்து மன்னிப்புக் கேட்க வைப்பார் ரோபோ சிட்டி. லாஜிக் பார்த்தால் ஃபிரிட்ஜுக்கு அண்ணன். ஆனாலும் தியேட்டரில் சிரித்தோம். காதலிக்காக ஒரு ரோபோ எந்த எல்லைக்கும் போகும் என்பதை அந்தக் கொசுதான் நமக்கு முதலில் சொல்லியது. பின்பாதியில் நடக்கிற அத்தனை விபரீதத்துக்கும் அதுவே அச்சாரம்.

‘நான் ஈ’யும் (2012) இதே ஜாதி. வசனமே இல்லாத ஓர் ஈயை நம்பி முழுப்படத்தையும் ஒப்படைத்தார் ராஜமௌலி. ஈ நம்மைப் பார்த்துக் குழையவில்லை. தன்பாட்டுக்கு வில்லனைப் பழிவாங்கப் போய்க்கொண்டே இருந்தது.

‘எந்திரன்’ இரண்டாம் பாகம் ‘2.0’-இல் குட்டி ரோபோக்கள் புறாமேல் சவாரி போனதே, அதுவும் வேண்டாத சேட்டைதானே?
– வாசகர், ஆண்டிபட்டி

இல்லை என்பேன். பறவைகளுக்காக உயிரையே விட்டவர் அந்த வில்லன். புறா குறுக்கே வந்தால் கை ஓங்கமாட்டார். அந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்துத்தான் புறாவைக் கேடயமாக்கினார்கள். புறாவுக்கும் உத்தியோகம் உண்டு, பாஸ்.

‘கும்கி’ கிளைமாக்ஸில் இரண்டு யானையும் மோதும்போது பக்கத்து சீட்டுக்காரர் “வீடியோ கேம்டா” என்று சிரித்தார். நல்ல படத்தை இப்படிச் சொல்லலாமா?
– வாசகர், கம்பம்

தாராளமாகச் சொல்லலாம். பிரபு சாலமன் ‘மைனா’வை நம் குரங்கணியில் எடுத்தவர், அவர்மேல் நமக்குப் பாசம் உண்டு. பாசம் வேறு, யானை வேறு. படம் நெடுக அசல் யானையைக் காட்டிக் கண்ணைப் பழக்கிவிட்டு, கடைசிச் சண்டையில் கம்ப்யூட்டர் யானையை இறக்கினால் கண் ஒத்துக்கொள்ளாது. யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்பாது. உடம்பின் கனம் அப்படி. மிதிக்கிற இடத்தில் மண் அமுங்க வேண்டும், தோலுக்கு அடியில் சதை அசைய வேண்டும், வெயில் விழும் திசையில் நிழல் விழ வேண்டும். இதில் ஒன்று தப்பினாலும், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவனுக்கும் தப்பு என்று தெரிந்துவிடும்.

அதுவும் கம்பத்துக்காரரிடம் இனிமேல் யானை வித்தை காட்ட முடியுமா? சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், மேகமலையைச் சுற்றிவிட்டு 2023 மே 27-ஆம் தேதி உங்கள் தெருவிலேயே ஓடியது. 144 தடை உத்தரவு போட்டார்கள். அந்தக் களேபரத்தில் காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். அதனால் இதைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை. ஜூன் 5 விடிவதற்குள் மறுபடி ஊசி போட்டு, சினிமாக் கும்கி இல்லை, அசல் கும்கிகள் நின்று லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பினார்கள். அன்று மொட்டை மாடியில் நின்று பார்த்த ஊருக்கு, எந்த ஸ்டுடியோவும் இனி சுலபமாக யானை காட்டிவிட முடியாது.

அந்தக் காலத்தில் தேவர் படங்களில் யானை, ஆடு, பாம்பு எல்லாம் பிரமாதமாக நடிக்குமே. இப்போது கோழி வந்தாலும் ஓரத்தில் ‘சிஜி’ என்று எழுத்துப் போடுகிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உத்தமபாளையம்

ஐயா, சாண்டோ சின்னப்பா தேவர் யானையை வைத்து 1971-இல் இந்தியில் ராஜேஷ் கன்னாவையும் அடுத்த ஆண்டே ‘நல்ல நேர’த்தில் எம்.ஜி.ஆரையும் ஜெயிக்க வைத்தார். இன்று அப்படி நினைத்த மாத்திரத்தில் எடுத்துவிட முடியாது. 2001-இல் வந்த விதிகளின்படி மிருகத்தைப் பதிவு செய்து, விலங்கு நல வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதே தடை. 2011-இல் அந்தப் பட்டியலில் காளையையும் சேர்த்ததால்தான் ஜல்லிக்கட்டு வழக்கு அவ்வளவு தூரம் போனது. ஆகவே, அந்த ஓர எழுத்து ரசிகருக்கானது இல்லை; சட்டத்துக்கானது. என்ன சங்கடம் என்றால், புலி பாயும்போது பயப்படலாமா என்று யோசிக்கிற குழந்தைக்கு அதுவே தைரியம் சொல்லிவிடுகிறது.

தடை சரிதான் என்பது என் கட்சி. சவுக்கடி வாங்கிய புலியைவிட மோசமாக வரைந்த புலி எவ்வளவோ மேல்.

நன்றாக வரைந்த புலியே கிடையாதா?
– அதே ஊர், அவர் பேத்தி

உண்டும்மா. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) புலியைப் பார். பெரும்பாலும் கம்ப்யூட்டர், சில காட்சிகளில் மட்டும் அசல். கடைசியில் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடும். அதை உருவாக்கிய ‘ரிதம் அண்ட் ஹ்யூஸ்’ நிறுவனத்துக்கு 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் கிடைத்தது. அதே மாதம்தான் திவால் மனுவும் போட்டிருந்தார்கள்.

ஒரே வரியில்: கிராபிக்ஸ் மிருகம் எப்போது சிரிக்க வைக்கும், எப்போது எரிச்சல் மூட்டும்?
– வாசகர், குமுளி சாலை, லோயர் கேம்ப்

அதற்கு வேலை இருந்தால் சிரிப்பு, நம்மைச் சிரிக்க வைப்பது மட்டுமே வேலை என்றால் எரிச்சல். உங்கள் சாலையில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் சிஜி அல்ல; தயவுசெய்து காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை வீசாதீர்கள்.