காசியில் விட்ட பரோட்டா

மதுரையில் ஒருவன் பரோட்டா வேண்டாம் என்று சொன்னால், முதலில் அவனுக்கு எவ்வளவு கடன் என்று விசாரிப்பார்கள். கடன் இல்லையென்றால் வீட்டில் சண்டையா என்பார்கள். அதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உடம்புக்கு ஏதோ என்ற சந்தேகம் வரும். நான் அந்த மூன்றாவது ரகம். கோதுமை, நிலக்கடலை, எள், முந்திரி, இறால் ஆகிய ஐந்தும் எனக்கு ஆகாது என்பது நாற்பது வயதுக்கு மேல் தெரியவந்தது. ஆகாத உறவுக்காரர்கள் பட்டியல் இதைவிட நீளம். ஆனால் அவர்களைக் கொஞ்சமாவது சாப்பிடு என்று யாரும் வற்புறுத்துவதில்லை.

விருந்துக்குப் போய்விட்டு வந்தால் உடம்பெல்லாம் தடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் காணாக்கடி என்று சொல்லி, வெற்றிலையில் மிளகை வைத்து மடித்துக் கொடுத்தார். மென்றேன். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி அசரவில்லை. பிறகு ஒரு கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுந்திருப்பதற்குள் உதடு வீங்கி, வீடியோக்காரரே என்னைத் தவிர்த்துவிட்டுப் படம் எடுக்க ஆரம்பித்த பிறகு, அலர்ஜி டாக்டரிடம் போனேன்.

அங்கே முன்கையில் பேனாவால் கோடு போட்டு எண் எழுதினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சொட்டு, சொட்டின் மேல் சின்னதாக ஒரு குத்து. சாட்சிக்கு இரண்டு சொட்டுகள் உண்டு. ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், அது தடிக்கக் கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், அது தடித்தே ஆக வேண்டும். அதன்பின் 15, 20 நிமிடம் சொறியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அரிப்பு மாத்திரையையும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்பதால், முனிவர்கள் செய்த தவம் எந்த வகை என்று எனக்கு ஓரளவு புரிந்தது. டாக்டர் ஸ்கேலை வைத்து அளந்தார். உப்புத் தண்ணீரைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்திருந்தால் அந்தப் பொருள்மேல் வழக்குப் பதிவாகும். உடனே தண்டனை கிடையாது. சாப்பிட்டபோது என்ன ஆயிற்று என்ற வரலாறும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. கத்திரிக்காய் நன்றாகத் தடித்தும், அதைத் தின்று எனக்கு ஒருநாளும் எதுவும் ஆனதில்லை என்பதால் விடுதலையானது. எனக்குப் பிடிக்காத காய் அது ஒன்றுதான்.

"இறால் ஆகாதவங்களுக்குக் கரப்பான் பூச்சியும் ஒத்துக்காம போகலாம்" என்றார் டாக்டர். இரண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற ஒரே ஜாதிப் புரதம் இருக்கிறதாம், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும்கூட. கரப்பானை நிறுத்துவதில் எனக்குப் பெரிய கஷ்டம் இருக்கவில்லை.

மற்றவற்றை நிறுத்துவதுதான் கஷ்டம். என்னால் நிறுத்த முடிந்தது, மற்றவர்களை நிறுத்தத்தான் முடியவில்லை. ஒருவன் சாப்பாட்டை மறுப்பதை ஏற்றுக்கொள்ள நம் ஊரில் யாருக்கும் பயிற்சி இல்லை.

பரோட்டாக் கடையிலேயே தொடங்கியது. "கோதுமை ஆகாதுண்ணே, தோசை போடுங்க" என்றேன்.

"இதுல ஏதுண்ணே கோதுமை? சுத்தமான மைதா!" என்றார் மாஸ்டர், என் சந்தேகத்தால் மனம் புண்பட்டு. மைதா மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருகிறது என்று பக்கத்து மேஜைக்காரர் எடுத்துக்கொடுத்தார். கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி அரைத்தால் வருவது மைதா என்று நான் விளக்கி முடிப்பதற்குள் கடையில் பாதிப் பேர் என்னைச் சப்பாத்திக் கட்சிக்காரன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தோசை வந்தது, பரோட்டாக் கல்லிலேயே சுட்டு, மேலே நல்லெண்ணெய் ஊற்றி.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பட்டியலைக் கேட்டதும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நவதானியக் கணக்கில் கோதுமை சூரியனுக்கு, எள் சனிக்கு. சூரியனும் சனியும் அப்பாவும் பிள்ளையும், ஆனால் ஜென்மப் பகை. அந்தக் குடும்பச் சண்டை என் வயிற்றில் நடக்கிறது என்றார் ஜோசியர். எனக்கே நம்பலாம் போலிருந்தது. நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் வந்தபோதுதான் அவர் தடுமாறினார். இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. முந்திரியைப் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஒன்பது கிரகங்களும் ஆளுக்கொரு தானியத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு கப்பலில் வந்து இறங்கிய சரக்குக்கு யார் பொறுப்பேற்பார்கள்? ஜோசியர் கொஞ்சம் யோசித்து, வெளிநாட்டு விவகாரமெல்லாம் ராகு என்று முடித்தார்.

பரிகாரமும் சொன்னார். தேனிப் பக்கம் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குச் சனிக்கிழமை போய், எள் சாதம் நைவேத்தியம் செய்து, அதைப் பிரசாதமாக உட்கொள்ள வேண்டும். எள் ஆகாததற்கு மருந்து எள். அத்தை வேன் பேசிவிட்டார். வேனை நிறுத்துவதற்குள் எனக்கு இல்லாத காய்ச்சலெல்லாம் வந்தது.

(ஆடி அமாவாசைக்கு எள் இறைத்துத் தர்ப்பணம் செய்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு: எள்ளைத் தொட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை, தின்றால்தான். முன்னோர்கள் தப்பித்தார்கள்.)

அம்மா வழி மாமா வேறு கட்சி. அவருக்கு ஜோசியத்தில் நம்பிக்கை இல்லை, விஞ்ஞானத்தில்தான். "கொஞ்சம் கொஞ்சமா தின்னுப் பழகுடா மாப்ளே, உடம்பு தானா ஏத்துக்கிடும்" என்று வறுத்த கடலையை உள்ளங்கை நிறைய நீட்டுவார். இதே யோசனை பிரான்சில் ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றி, உடம்பு பழகிவிடும் என்று காத்திருந்து, சில வாரம் கழித்து மறுபடி மிகக் கொஞ்சமாக ஏற்றினார்கள். நாய் நிமிடங்களில் மூச்சுத் திணறிச் செத்தது. 1902இல் இதை உலகுக்குச் சொன்னார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு. இந்தக் கதையை மாமாவிடம் உருக்கமாகச் சொன்னேன். "அது நாய்டா" என்றார். நிலக்கடலையை மில்லிகிராம் கணக்கில் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்மையிலேயே இப்போது உண்டு என்பதும், அது டாக்டர் மேற்பார்வையில் நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தால் அடுத்த முறை கடலையோடு ஸ்டெதாஸ்கோப்பும் கொண்டுவருவார்.

வீட்டுச் சமையலறையிலாவது நிம்மதி உண்டு என்று நினைத்திருந்தேன். பரோட்டா, சேமியா, ரவை, பிஸ்கட் எல்லாவற்றையும் வெளியேற்றிய பிறகும் தடிப்பு வந்துகொண்டிருந்தது. ரசம் சாப்பிட்டால்கூட வந்தது. ரசத்தைச் சந்தேகப்பட எந்தத் தமிழனுக்கு மனம் வரும்? கடைசியில் மனைவிதான் பெருங்காய டப்பாவைத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொடி எழுத்தைப் படித்தாள். ஆப்கானிஸ்தானத்துச் செடியின் பிசின் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கருவேலம்பிசினும் கோதுமை மாவும். அசல் பிசின் காரம் தாங்காது என்பதால் மாவு கலந்துதான் விற்பார்களாம். அன்றைக்குப் பெருங்காயம் வெளியேறியது. அரிசி மாவு கலந்தது தேடிக் கண்டுபிடிக்கும்வரை எங்கள் வீட்டு ரசம் வெந்நீராக இருந்தது.

அதிலிருந்து பொடி எழுத்துப் படிப்பதே என் தொழில். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வாமை தரும் பொருள்களைப் பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும். கோதுமை உண்டு, இறால் வகை உண்டு, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி, சோயா எல்லாம் உண்டு. எள் அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சேர்மானப் பட்டியலுக்குள் புகுந்து நாமே தேட வேண்டும். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் கட்டாயமாக்கினார்கள். ஆலையில் துளி எள் ஒட்டாமல் ரொட்டி செய்வது பெரும் பாடு என்று அங்கே சில கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? எள் மாவை வேண்டுமென்றே கொஞ்சம் கலந்து, 'எள் உண்டு' என்று உண்மையைச் சொல்லிவிட்டன. என் மாமாவுக்கு அங்கேயும் பங்காளிகள் இருக்கிறார்கள்.

ஒரே ஆறுதல் ரவா உப்புமா ஒழிந்தது. கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த விடுதலை அது. மறுநாளே மனைவி அரிசி உப்புமா கிண்டினாள். "இதுல உங்களுக்கு ஆகாதது ஒண்ணுமே இல்லைங்க" என்று அவள் சொன்ன உற்சாகத்தைப் பார்த்து, டாக்டரிடம் இன்னொரு சொட்டு போடச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. இட்லிக்கு எள்ளில்லாத பொடி. நல்லெண்ணெய் இல்லாத அந்தப் பொடியைப் பார்த்தால் நெற்றியில் பூசிக்கொள்ளத்தான் கை போகிறது. தேங்காய் எண்ணெயில் தாளிக்கும் வாசனை தெருவுக்குப் போய், எதிர்வீட்டுக்காரர் எந்த ஊருக்கு மாற்றல் என்று கேட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கிரகப்பிரவேசத்தில் என் பக்கத்து இலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு வழக்கமான போராட்டம். சேமியா பாயாசத்தை மறுத்தேன். "முந்திரியை எடுத்துப் போட்டுட்டுக் குடிங்க சார்" என்றார் பரிமாறுபவர். சேமியாவும் ஆகாது என்றேன். "அப்ப பாலை மட்டும் குடிங்க" என்று ஊற்றியே விட்டார். அடுத்து பெரியவர் இலையில் புடலங்காய்க் கூட்டு விழப்போனது. அவர் நிமிரவே இல்லை. "காசியில விட்டாச்சு" என்றார். பரிமாறுபவர் கரண்டியை உள்ளே இழுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க சாமி" என்று வேறு சொன்னார்.

டாக்டர் கையெழுத்திட்ட அறிக்கைக்குக் கிடைக்காத மரியாதை இரண்டு வார்த்தைக்குக் கிடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்து விருதுநகர்ப் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அந்த வீட்டில் கடலை எண்ணெய் ஒரு பக்கமும் நல்லெண்ணெய் ஒரு பக்கமும் ஓடும். வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "பெரியம்மா, அஞ்சு பொருளைக் காசியில விட்டுட்டேன்."

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சொல்லவே இல்லையேப்பா! என்னென்ன விட்டே?" பட்டியலைச் சொன்னேன். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அந்தச் சமையலறையில் நடந்ததை என் டாக்டர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். ஒரே கரண்டியைப் பல பாத்திரத்தில் விடக் கூடாது, பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தக் கூடாது, சட்டியைத் தனியாக வைக்க வேண்டும் என்றெல்லாம் அவர் அச்சடித்துக் கொடுத்த தாளை எந்த வீட்டிலும் யாரும் மதித்ததில்லை. இங்கே புதுச்சட்டி பரணிலிருந்து இறங்கியது. தனி அடுப்பு. அம்மி இரண்டு முறை கழுவப்பட்டது. பெருங்காயத்தில் கோதுமை இருப்பதைப் பெரியம்மாவே பேத்தியைவிட்டுப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்து, டப்பாவைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தார். அண்ணன் மகன் கடலைச் சட்னிக் கரண்டியை என் சாம்பாரில் விடப்போனபோது போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள் நின்றது. "சாமி குத்தமாயிடும்டா, எடு கையை!" மூச்சு நின்றுவிடும் என்று நான் சொன்னபோது அசையாத குடும்பம் சாமி குத்தத்துக்கு அசைந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஒரு தடிப்புக்கூட இல்லை.

பெரியப்பாவுக்கு மட்டும் உறுத்தல். அவர் நிஜமாகவே போய் வந்தவர். "காசியில இல்லடா, கயாவுல அட்சய வடத்துக்குக் கீழே உக்காந்துதான் விடுறது. அதுவும் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. நீ எப்படி அஞ்சு விட்டே?"

"முன்னோர்கள் நிறைய, பெரியப்பா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஊர்ல அவனவன் தனக்குப் பிடிக்காத பாகற்காயை விட்டுட்டு வருவான். நான் பேரிக்காயை விட்டேன், எனக்கு அது எப்பவுமே பிடிக்காது. பரோட்டாவை விட்ட மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். எனக்குச் சாப்பிட்டது தொண்டையில் நின்றது. அலர்ஜி இல்லை.

கிளம்பும்போது பெரியம்மா பையில் கைமுறுக்கு வைத்தார், எள் போடாதது, என் சட்டியில் சுட்டது. "எனக்கும் வயசாச்சு. விவரம் தெரிஞ்சவன் நீ இருக்கே, என்னைய ஒரு தடவை கூட்டிட்டுப் போயிட்டு வந்திரு" என்றார். போன வாரம் போனில் சொன்னார்: அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டானாம், மூன்று பேருக்கு. நான், என் மனைவி, அவர். காசியில் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பயமில்லை, வழியில்தான் சப்பாத்தி ஊர்கள் என்று கவலைப்பட்டுவிட்டு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்று இரவு, கயாவில் நிஜமாகவே விடுவதற்கு என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று மனைவியிடம் கேட்டேன். அரிசி உப்புமாவை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

"பிடிச்சதைத்தாங்க விடணும்" என்று சொல்லி, இன்னொரு கரண்டி வைத்தாள்.