வழி: பொள்ளாச்சி, உடுமலை

பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம்தான். ஆனால் பாலக்காட்டிலிருந்து காரில் போனால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக முடியும். என் பிழைப்பும் அதே மாதிரிதான். வீடு கொழிஞ்சாம்பாறையில், வேலை இடுக்கி மாவட்டம் மறையூர்ப் பக்கம், தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில். கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக வாராவாரம் பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பஸ் ஏறுகிறேன்.

நாவல் எழுத நேரம் கிடைப்பதும் அந்தப் பஸ்ஸில்தான். சின்னாறு காட்டுக்குள் ரோட்டை மறித்து யானை நின்றுவிட்டால் எனக்கு யோகம். போனில் சிக்னல் இருக்காது. ஹெட்மாஸ்டர் கூப்பிட முடியாது, வீட்டிலிருந்து வெண்டைக்காய் வாங்கச் சொல்லித் தகவல் வராது. மற்றவர்கள் யானை சீக்கிரம் போகவேண்டும் என்று பழனி முருகனை வேண்டுவார்கள். இன்னும் ரெண்டு பாரா நிற்கட்டும் என்று நான் அவர் அண்ணனிடம் மனுப் போடுவேன்.

அப்படி எழுதிய கதையைச் சென்னைக்கு அனுப்பினால், ஒரு பத்திரிகை ஆசிரியர் (பெயர் வேண்டாம், இன்னும் சில கதைகள் அவரிடம் கிடக்கின்றன) ‘உரையாடலில் மலையாள வாடை’ என்று திருப்பிவிட்டார். எங்கள் சித்தூர் தாலுகா கள்ளு ஷாப்பில் உட்கார்ந்து கேட்டால் தெரியும், வாடை எது, வசனம் எது என்று. ஓ.வி. விஜயன் பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தஸ்ராக்கில் தங்கியிருந்தவர். அந்த வட்டாரத்துத் தமிழ் கலந்த பேச்சைத்தானே ‘கசாக்கின் இதிகாச’த்தில் இறக்கினார்? 1969-ல் அது புத்தகமாக வந்தது. இன்றைக்குத் தஸ்ராக்கில் அவருக்கு நினைவகமே இருக்கிறது. தமிழ் வாடையோடு மலையாளம் எழுதினால் இதிகாசம், மலையாள வாடையோடு தமிழ் எழுதினால் எழுத்துப்பிழை. என்ன நியாயம் இது?

இதை வீட்டில் சொன்னேன். விஜயன் அந்த நாவலுக்கு 12 வருஷம் எடுத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

“எடுக்கட்டுமுங்க. அவரு நடுவுல கார்ட்டூனாச்சும் போட்டாரு. நீங்க என்ன போட்டீங்க?”

மாமனாருக்கு வேறு யோசனை. “மலையாளத்துல எழுதுங்க மாப்ளே.” அவருக்கு ஆதாரம் மலையாற்றூர் ராமகிருஷ்ணன். கல்பாத்தித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தமிழ் வீட்டையே ‘வேருகள்’ என்று மலையாளத்தில் எழுதிப் பேர் வாங்கியவர். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகவும் இருந்தார் என்று சொல்லும்போது மாமனாரின் குரல் ஏறும். நாவல் அவருக்கு ரெண்டாம்பட்சம்தான்.

ஆனாலும் ஊர் என்னைக் கைவிடவில்லை. கேரளாவில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19-ல் வாசிப்பு நாள் கொண்டாடுவார்கள். வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தில் கூப்பிட்டு, ‘தமிழ்க் கவி’ என்று அறிமுகம் செய்து, மேடையேற்றினார்கள். ஒரு வரி கவிதை எழுதியதில்லை என்று சொல்வதற்குள் பொன்னாடை போட்டுவிட்டார்கள். நாவல் கலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை திருக்குறள் கேட்டது. சொன்னேன், அன்றைக்குக் கைதட்டல் கிடைத்தது அதற்கு மட்டும்தான்.

கூட்டம் முடிந்ததும் கள்ளு ஷாப்பில் பழக்கமான பெரியவர் ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏனுங் வாத்தியாரே, நீங்க எழுதற கதையில நம்ம ஷாப்பு வருதுங்களா?”

“வருதுங்க.”

“எம் பேர மட்டும் போட்டுராதீங்க. பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டிருக்கறம்.”

கதாநாயகனுக்கே அவர் பெயர்தான்.