மேசைக்காரர்களும் நிரைக்காரர்களும்

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டார ரப்பர் தோட்டங்களில் அன்றாட அலுவலகக் கூட்டம் நின்றபடியேதான் நடந்தது. விடியும் முன்னே, ஆபீஸ் வாசலில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார், வேலையைப் பிரித்துக் கொடுப்பார், கூட்டம் கலைந்துவிடும். தேநீர் கிடையாது, பிஸ்கட் கிடையாது, "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று கை தூக்குகிறவரும் கிடையாது. இன்று கோலாலம்பூர் கணினி நிறுவனங்களில் காலையில் எல்லோரையும் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கவைத்து வேலை பிரிக்கிறார்கள். அதற்குப் பயிற்சி வகுப்பு, சான்றிதழ் வேறு. இந்த வட்டாரத்துப் புக்கிட் ரோத்தான் பாட்டி யாராவது பார்த்தால், "இதுக்கா இம்புட்டுச் செலவு பண்ணிப் படிக்க வச்சோம்?" என்று கேட்காமல் விடமாட்டார்.

தோட்டத்து ஆபீஸ் அமைப்பு கோயில் அமைப்புதான். மூலஸ்தானத்தில் தோட்ட மேலாளரான துரை. அர்த்தமண்டபத்தில் பெரிய கிராணி என்கிற தலைமை எழுத்தர், அதற்கு வெளியே சின்னக் கிராணிகள். தொழிலாளிக்குக் கொடிமரத்தைத் தாண்ட வேலையில்லை. சம்பளத்தன்று மட்டும் ஜன்னல் வழியே தரிசனம். கிராணி வேலையில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் நிறையவே இருந்தார்கள். அவர்களுடைய மேசையை அடைத்துக்கொண்டு செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு விரிந்து கிடக்கும். ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம். அந்தக் கட்டத்தில் குறி விழாவிட்டால் அன்றைக்கு உழைத்த உழைப்பு ஆண்டவனுக்கே அர்ப்பணம். மேசை என்பது மரச்சாமான் மட்டுமல்ல என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே புரிந்துவிடும்.

மண்டோருக்கு மேசை இல்லை. சைக்கிளும், சட்டைப் பையில் ஒரு நோட்டும், காதில் ஒரு பென்சிலும்தான் அவருடைய மொத்த அலுவலகம்.

பால் வெட்டுகிறவர்களுக்கோ சொந்த இடம் உண்டு: நிரை. சில நூறு ரப்பர் மரங்கள். சுவரோ கதவோ கிடையாது, ஆனாலும் எந்த மரத்தோடு தன் நிரை முடிகிறது என்பது இருட்டிலும் தெரியும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடுமாதலால் தலையில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவத்தி, கையில் உளி என்று விடிவதற்குள் இறங்கிவிட வேண்டும். பழைய வெட்டுக்குக் கீழே மெல்லிய சீவல், பால் வடியும் மங்குக் கிண்ணத்தை நேராக்கு, அடுத்த மரம். உளி ஆழம் போய் மரத்தில் காயம் பட்டால் மண்டோர் கண்டுபிடித்துவிடுவார். அவர் எந்தப் பக்கத்திலிருந்து முளைப்பார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் மேலாளர் உட்கார்ந்திருப்பது கொடுமை என்று புலம்புகிற இன்றைய ஊழியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த ஊழியர்கள் உட்காரும் தடுப்பறைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் என்கிற தளவாட நிறுவனத்துக்காக ராபர்ட் புரோப்ஸ்ட் 1968-இல் தடுப்புகள் வைத்த அலுவலக அமைப்பை உருவாக்கினார். அவரவர் வேலைக்கு ஏற்பத் தடுப்பை மாற்றிக்கொள்ளட்டும், தோன்றினால் நின்றுகொண்டும் வேலை பார்க்கட்டும் என்பது அவர் ஆசை. கம்பெனிகள் அதையே சதுரப் பெட்டிகளாக்கி ஆளை அடைத்தன. கடைசிக் காலத்தில் மனிதர் நொந்துபோனார். பாவம், ஒரு நிரையைப் போய்ப் பார்த்திருக்கலாம். அங்கே தனிமைக்குக் குறைவில்லை. பாம்பும் காட்டுப்பன்றியும் மட்டும் அனுமதி கேட்காமல் உள்ளே வரும்.

பிள்ளைக் காப்பகம் உள்ள அலுவலகம் என்று இன்று பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். தோட்டத்தில் ஆயாக்கொட்டகை எப்போதோ இருந்தது. கருணையால் வந்ததென்று சொல்வதற்கில்லை. தாய் வெட்டுக்குப் போகாவிட்டால் மங்கு நிரம்பாது.

வீட்டிலிருந்தே வேலை என்பதும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1905-இல் மலாயா வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே, சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். இந்நாட்டில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்டதும் அவரே. 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே, தென்னமரம் தோட்டத்தில். பிறகு நாவல் எழுதினார். 'மலேசி' 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அப்போது அவர் குடியிருந்ததோ வட ஆப்பிரிக்காவின் துனீசியாவில்! மலாயாவைப் பற்றிப் பேர் வாங்க மலாயாவில் மேசை போட வேண்டியதில்லை என்று துரைக்குத் தெரிந்திருக்கிறது. பால் வெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது ரப்பர் போய் எங்கு பார்த்தாலும் செம்பனை. குலை வெட்டுவதில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் அதிகம். தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் பலர் நகரத்து ஆபீஸ்களில் இருக்கிறார்கள். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சமையலறை மேசையே அலுவலகம் ஆனது. சேவல் கூவினால் ஒலிவாங்கியை அடைக்கத் தாவினார்கள். பிறகு திரும்ப அழைத்தபோது சில ஆபீஸ்களில் சொந்த நாற்காலியே இல்லை. முதலில் வருகிறவருக்கு ஜன்னலோரம். ஈஜோக்கிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் டோல் கட்டி வந்து சேருகிறவருக்குக் கழிவறைக்குப் பக்கத்து இருக்கை. எல்லோரும் சமம், யாருக்கும் தனி இடம் கிடையாது என்கிற சுற்றறிக்கையை மட்டும் மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு தன் அறையிலிருந்து அனுப்புகிறார்.